ஆட்டாத கோப்பை

முதல் கோப்பையை வீட்டுக்காரனின் வழக்கப்படி ஸப்பாஹ் தானே குடித்தான். இரண்டாவதை பர்ஜஸின் கையில் கொடுத்தான். மூன்றாவது கோப்பையில் ஊற்றி, பர்ஜஸுக்கு வலப்பக்கம் ஆளில்லாமல் கிடந்த மெத்தைக்கு முன்னால் பாயின் மேல் வைத்துவிட்டு, காபிக் கூஜாவைக் கையில் பிடித்தபடி ஒரு எட்டு பின்வாங்கி நின்றான்.

பக்கத்து வீட்டுக்காரன் யாரோ வரப்போகிறான் போலிருக்கிறது என்று பர்ஜஸ் நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. எதற்கு இத்தனை கோப்பை, யாருக்கு இந்தத் தட்டு என்று விருந்தாளி கேட்பது வீட்டுக்காரனின் கையை அளந்து பார்ப்பதுபோல. அப்படிக் கேட்டவனைப் பற்றி அந்த ஜஃபர் ஊர் முழுக்க ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார்கள். தவிர அவன் நொந்து நூலாகியிருந்தான். காலையில் வேலை பார்க்கும் பட்டணமான ஸர்காவிலிருந்து கிளம்பி, நெடுஞ்சாலையில் பாஸ்பேட் லாரிகளின் பின்னால் இருநூற்று முப்பது கிலோமீட்டர் தூசி தின்றுகொண்டு வந்திருந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியும் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று தடவை குடித்ததும் கோப்பையை இரண்டு முறை ஆட்டிக் காட்டினான். போதும் என்று அர்த்தம். ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள், கூஜா காலியானால் இன்னொரு கூஜா அடுப்பிலிருந்து வரும். ஸப்பாஹ் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, வலப்பக்கம் குனிந்து, பாயிலிருந்த கோப்பையில் ஊற்றினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊற்றினான். இருவரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருஷம் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்கள், பேச வேண்டியது நிறைய இருந்தது. பேச்சுக்கு நடுவே எட்டு ஒன்பது தடவை அவன் குனிந்து நிமிர்ந்ததை பர்ஜஸ் அரைக்கண்ணால் பார்த்தான். கோப்பை வழியவில்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

"தங்கச்சி கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு தாய்மாமன் ஆகியிருக்கே. அதுக்கு இந்த ஓட்டை வண்டியிலயா போவே? உன் மருமகப் பையன் வண்டியைப் பாத்துட்டு மாமனே வேணாம்னுடப்போறான்" என்று ஸப்பாஹ் கிண்டல் செய்தான்.

பர்ஜஸ் சிரித்தான். சிரிக்க முடிந்ததே பெரிய விஷயம். அவன் தங்கை ஃபித்தா இதற்கு முன் இரண்டு குழந்தைகளை மண்ணில் வைத்திருக்கிறாள், இரண்டும் ஏழாம் நாளைப் பார்க்கவில்லை. மூன்றாவது பிள்ளை பிறந்து அன்றைக்கு ஐந்தாம் நாள். ஏழாம் நாள் பொழுது சாய்வதற்குள் பெயர் வைத்து, மென்ற பேரீச்சம்பழத்தை விரலால் தொட்டுக் குழந்தையின் வாயில் தடவ வேண்டும். "நீ வந்து வச்சாத்தான் இவன் தங்குவான்னு எனக்குத் தோணுது அண்ணே. வேற யார் கையும் பட விடமாட்டேன்" என்று அவள் போனில் அழுதிருந்தாள். சட்டைப்பையில் குழந்தைக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு இருந்தது. பர்ஜஸ் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

தூங்கப் போகும்போது அந்த அறையில் இரண்டு படுக்கைகள் விரித்திருந்தன. ஸப்பாஹ் இங்கேயே படுத்துப் பேசிக்கொண்டிருப்பான் என்று பர்ஜஸ் நினைத்தான். அவனோ விளக்கை அணைத்துவிட்டு, வாசலில் நின்று ஒரு கணம் தயங்கி, நல்லா தூங்குங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். காலையில் எழுந்து பார்த்தபோது பக்கத்துப் படுக்கையின் தலையணை நடுவில் குழிந்திருந்தது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வரும் துருவும் ஈரமும் கலந்த வாடை. அந்த வாடையை நேற்று மதியமும் எங்கோ முகர்ந்தோமே என்று அவன் யோசித்தான்.

நேற்று மதியம் அவன் சாப்பிட்டது பழைய ரயில் நிலையத்தில். தண்டவாளத்தை எவனோ பிடுங்கி விற்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கருங்கல் கட்டடமும் இடிந்த நீர்த்தொட்டியும்தான் மிச்சம். கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்கை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, காற்று அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது, அந்தக் கட்டடத்தின் ஒரு முழ நிழலைத் தவிர ஒதுங்க இடமில்லை. தன் சிவப்புக் கட்டம்போட்ட தலைத்துணியை விரித்து ரொட்டியையும் தயிர்க்கட்டியையும் வைத்தபோது அப்பாவின் நினைவு வந்தது. வெட்டவெளியில் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா மூன்று தடவை சத்தம் போட்டுக் கூப்பிடுவார். பசித்தவன் யாராவது வழியில் போனால் வந்து பங்கு வாங்கிக்கொள்ளட்டும் என்று. பர்ஜஸுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியது. பட்டணத்துக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆனவனுக்கு எல்லாமே வேடிக்கைதான். எழுந்து நின்று, கையை வாயில் குவித்து, "வாங்க, உங்க பங்கு இருக்கு, வாங்க" என்று மூன்று தடவை கத்தினான். கல்சுவர் எதிரொலிக்கவில்லை. அந்த மாதிரிச் சுவர் எதிரொலித்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பாதி சாப்பிட்டுவிட்டு வண்டிக்குப் போய்த் தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் திரும்பி வந்தான். ரொட்டி இல்லை. தயிர்க்கட்டி இல்லை. தலைத்துணியும் இல்லை. நரி வேலை என்று திட்டினான். துணி போனதுதான் வருத்தம். ஓரத்தில் வெல்டிங் பொறி பட்டுப் பொத்தலான அந்தத் துணிக்கு ஃபித்தா தன் கையால் கறுப்பு நூலில் தையல் போட்டுக் கொடுத்திருந்தாள்.

இரண்டாம் நாள் வழியனுப்ப வந்த ஸப்பாஹ் வண்டியைப் பார்த்தான். பின் சீட்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"பின்னாடி பாரம் இருக்குடா. பள்ளத்துல மெதுவா விடு."

பக்கவாட்டில் தொங்கிய பைகளைச் சொல்கிறான் என்று பர்ஜஸ் எடுத்துக்கொண்டான்.

ஆனால் வண்டி நிஜமாகவே கனத்தது. அவன் மெக்கானிக். வண்டியின் இடுப்பில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். நான்காவது கியரில் ஏற வேண்டிய மேட்டில் மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. பின் ஷாக் பள்ளத்துக்குப் பள்ளம் அடிவரை உட்கார்ந்து எழுந்தது. பெட்ரோல் தண்ணீராய்ச் செலவானது. இறங்கிச் சங்கிலியைப் பார்த்தான், பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், டயரில் காற்றை அமுக்கிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பின்னால் உட்காருபவன் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. மடக்கிவிட்டான். அடுத்த முறை நிறுத்திப் பார்த்தபோது மறுபடி இறங்கியிருந்தன. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இன்னொன்றும் இருந்தது, அதற்குத்தான் அவனால் காரணம் சொல்ல முடியவில்லை. நெஞ்சும் கழுத்தும் வியர்வையில் ஊறிக் கிடக்க, முதுகு மட்டும் சில்லென்று இருந்தது. யாரோ நிழலைக் கொண்டுவந்து முதுகோடு ஒட்டிவைத்ததுபோல.

பெரியப்பா ஃபலாஹின் கூடாரம் ஜஃபருக்குக் கிழக்கே, சரளை வெளியில் தனியாக நின்றது. அவருடைய நாய் எந்த வண்டியைக் கண்டாலும் சக்கரத்தைக் கடிக்க ஓடிவரும். அன்றைக்குத் தண்ணீர் லாரியின் அடியில் புகுந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தது. பட்டியில் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கோடிக்கு ஒதுங்கின. பெரியப்பா எதையும் கவனிக்காதவர்போல் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, உட்காரவைத்து, பர்ஜஸின் கையில் தண்ணீர் ஊற்றினார். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் நகர்ந்து, பாத்திரத்துக்கு மேலே வெறும் காற்றில், நிதானமாக, ஒரு ஆள் இரண்டு கையும் கழுவும் நேரம் ஊற்றினார். பாத்திரத்தில் விழுந்த தண்ணீரின் சத்தம் சீராக இல்லை. கைகளில் பட்டுத் தெறித்து விழும் தண்ணீரின் சத்தம்போல் விட்டுவிட்டு விழுந்தது.

பர்ஜஸ் தன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பெரியப்பாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது, புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்தது ஆறுதலாக இருந்தது, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வந்தன. எதிர்ப்பக்கம் பெரியப்பாவும் அவருடைய இரண்டு மகன்களும், இந்தப் பக்கம் பர்ஜஸ். அவரவர் முன்னாலிருக்கும் சோற்றை அவரவர் கையால் அள்ளித் தின்பது வழக்கம். பெரியப்பா நல்ல கறித்துண்டுகளாகப் பிய்த்து ஒன்றை பர்ஜஸின் முன்னாலும் ஒன்றை அவனுக்கு வலப்பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு அப்பாவைப் பற்றித் திரும்பியது.

"உங்கப்பன் வெட்டவெளியில சாப்பிடறப்ப ஊரையே கூப்பிடுவான்" என்றார் பெரியப்பா. "ஆனா முதல்ல மேட்டுல ஏறிச் சுத்திப் பாப்பான். தூரத்துல ஆளோ ஒட்டகமோ புகையோ தெரிஞ்சாத்தான் வாயைத் திறப்பான். ஒண்ணும் தெரியலைன்னா சத்தமில்லாமத் தின்னுட்டு எழுந்துடுவான். ஆளில்லாத இடத்துல கூப்பிட்டா—"

அவர் பார்வை பர்ஜஸின் வலப்பக்கம் போயிற்று. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சரி, சாப்பாட்டுல கையை வச்சுக்கிட்டு எதுக்கு அந்தப் பேச்சு."

பர்ஜஸ் தாம்பாளத்தைப் பார்த்தான். தன் முன்னால் ஒரு குழி. எதிரே மூன்று குழிகள். வலப்பக்கம், யாரும் கை வைக்காத இடத்தில், எல்லாவற்றையும்விட ஆழமாக ஒரு குழி. தாம்பாளத்தின் தகரம் தெரிந்தது. அவன் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. வாயில் இருந்ததை எப்படி விழுங்கினான் என்பதே தெரியவில்லை.

கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. என்ன கேட்பது? என் பக்கத்தில் யாருக்குப் போடுகிறீர்கள் என்றா? சாப்பாட்டுக்குப் பிறகு கூடாரத்தில் காபிக்கு வந்து கூடிய ஆண்களெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பார்க்காமலிருக்க எல்லோரும் சேர்ந்து பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது படுக்கையைத் தவிர்க்க நினைத்து, காற்றாட வெளியில் படுக்கிறேன் என்று பர்ஜஸ் வண்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்தான். பெரியப்பா இன்னொரு பாயைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். விடியும்வரை அவன் அந்தப் பாய்க்கு முதுகைக் காட்டியபடி கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.

மூன்றாம் நாள். பிள்ளைக்கு ஏழாம் நாள். மஆனைத் தாண்டித் தெற்கே முதவ்வரா சாலையில் மண்பாதை பிரியும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. தகரமும் பலகையும் சேர்த்து அடித்த பெட்டிக்கடை. மண்பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஃபித்தாவின் வீடு. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு பர்ஜஸ் கடை நிழலுக்கு வந்தான். கடைக்காரன் ஷஹாத்தா எகிப்துக்காரன், ஆற்றங்கரை ஊர்க்காரன், இந்தப் பக்கத்து மரியாதையெல்லாம் அவனுக்கு ஒட்டவே இல்லை. பேசிக்கொண்டே இருப்பான்.

"கூட வந்தவருக்கு டீ வேணாமா, தலைவரே?"

பர்ஜஸ் கையில் டீக்கிளாஸ் இருந்தது. சூடு விரலைச் சுட்டது. அப்படியே பிடித்திருந்தான்.

"யாரு?"

"நல்ல ஆளுய்யா நீங்க. அந்தா, வண்டி மேலயே உட்காந்திருக்காரே. வெயில்ல வெந்துடுவாரு, நிழலுக்கு வரச் சொல்லுங்க."

பர்ஜஸ் திரும்பிப் பார்த்தான். வெயிலில் வண்டி நின்றது. சீட் காலி. பின் ஷாக் அடிவரை உட்கார்ந்திருந்தது. மடக்கிவைத்த ஃபுட்ரெஸ்ட் இரண்டும் இறங்கியிருந்தன.

"எப்படி இருக்காரு?" என்று கேட்டான். தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஷஹாத்தா சிரித்தான். "என்ன தலைவரே, என்னையக் கலாய்க்கிறீங்களா? முகம் முழுக்கச் சிவப்புத் துணி. கண்ணு மட்டும்..." சிரிப்பு நின்றுபோனது. துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். "என்னையவே பாத்துக்கிட்டிருக்காரு. அவருக்கு ஏன் இமையே..."

முடிக்கவில்லை. அடுப்பை அணைத்தான். டீயே வேண்டாம், அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடு, இங்கே நிற்காதே என்று கையை ஆட்டி விரட்டினான். பர்ஜஸ் பலகையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். உள்ளே விடு, ஒரு மணி நேரம், ஒரு லாரி வரும்வரைக்கும். ஷஹாத்தா அவன் விரல்களைப் பிரித்துத் தள்ளிவிட்டுத் தகரக் கதவை இழுத்து உள்பக்கம் தாழ்போட்டான். பின்னால் எங்கோ சரளை நெறிபடும் சத்தம் கேட்டது. உள்ளே ஷஹாத்தாதான் எதையோ நகர்த்துகிறான் என்று பர்ஜஸ் நினைத்தான்.

இப்போது எல்லாம் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். விருந்தாளியிடம் மூன்று நாள் முடியும்வரை பெயர் கேட்கக்கூடாது, ஊர் கேட்கக்கூடாது, எதற்கு வந்தாய் என்று கேட்கக்கூடாது. விருந்தாளியோடு வந்தவனும் விருந்தாளி. அவன் முகத்தை மூடியிருந்தால் அது அவன் இஷ்டம், பேசாவிட்டால் அவன் களைத்திருக்கிறான். ஸப்பாஹ் கேட்கவில்லை. பெரியப்பா கேட்கவில்லை. பர்ஜஸும் அவர்களைக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் மரியாதை. அந்த மரியாதைக்கு நடுவே ஒன்று உட்கார்ந்து இரண்டு நாளாகத் தின்றுகொண்டிருக்கிறது. கூப்பிட்டது இவன். உப்பும் ரொட்டியும் கொடுத்தது இவன். இவன் போகும் வீடெல்லாம் அதற்கும் வீடு.

ஃபித்தாவின் வீட்டுக்குப் போகக்கூடாது. இது ஒன்றுதான் மண்டையில் நின்றது. தாய்மாமன் வராவிட்டால் அவள் அழுவாள், ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். பரவாயில்லை. பிள்ளை உயிரோடு இருக்கட்டும். வந்த வழியே வடக்கே திரும்பி, பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, எங்காவது நடுவெளியில் இதோடு சேர்ந்து விழுந்து சாகலாம்.

வண்டியில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை இறுக்கிக்கொண்டு கிளப்பினான். கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பிவிட்டான். தெரிந்த துஆ, பிரார்த்தனையெல்லாம் முணுமுணுத்தான், பாதியில் வார்த்தை மறந்தது, முதலிலிருந்து ஆரம்பித்தான். முப்பது கிலோமீட்டர். அறுபது. முதுகில் வியர்வை வழிந்து இடுப்பில் இறங்கியது. அதைக் கவனிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

முதுகில் வியர்வை.

வண்டி மேட்டில் நான்காவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பினான். வெயில் மேற்கே சரிந்து, சாலையோரச் சரளையில் அவனுடைய நிழல் கூடவே ஓடி வந்தது. வண்டி, கை, தோள், தலை. ஒரே ஒரு தலை.

நிறுத்தினான். இறங்கிப் பார்த்தான். பின் ஷாக் நிமிர்ந்து நின்றது. ஃபுட்ரெஸ்ட்டை மடக்கிவிட்டுப் பத்து எட்டு நடந்து திரும்பி வந்து பார்த்தான், மடங்கியபடியே இருந்தது. பர்ஜஸ் சாலையில் மண்டியிட்டு அழுதான். பிறகு சிரித்தான். சீட்டைக் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுத்தான். எழுந்து போனை எடுத்து ஃபித்தாவின் புருஷன் கலஃபைக் கூப்பிட்டான். இப்போது கிளம்பினால்கூடப் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.

"எங்க மச்சான் இருக்கே?" கலஃபின் பின்னால் ஆட்கள் பேசும் சத்தமும் கோப்பை மோதும் சத்தமும் கேட்டன. "பேரீச்சம்பழம் காஞ்சு கருவாடாப் போச்சு. சரி, உன் ஆள் வந்துட்டாரு. வண்டி நின்னுபோச்சா? பாவம், அங்கயிருந்து நடந்தே வந்திருக்காரு. ஒரு பொட்டு வேர்வை இல்ல."

பர்ஜஸ் போனைக் காதோடு அழுத்தினான்.

"என் ஆளுன்னு... யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? உன் தலைத்துணியைக் கட்டியிருக்காரு. ஃபித்தா தையலைப் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டா. நாலாவது கூஜா வைக்கிறேன் மச்சான், மனுஷன் கோப்பையை ஆட்டவே மாட்டேங்கறாரு."

"அவனை வெளிய அனுப்பு."

கலஃப் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினான். "மெதுவாப் பேசு. எதிர்லதான் உட்காந்திருக்காரு, கேட்டுடப்போகுது. உன் உப்பைத் தின்னவனை என் வாசல்ல இருந்து நான் விரட்டணுமா? வெயில் தலைக்கேறிடுச்சா உனக்கு?"

"கலஃப், பிள்ளையை உள்ள கொண்டுபோ. பூட்டு. ஃபித்தாகிட்ட போனைக் கொடு."

"அவ பிள்ளையைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கா. மச்சான், பொழுது போகுது. நீ வந்து சேரலைன்னா உனக்குப் பதிலா அவர் கையாலயே பழத்தை வைக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. முதல்ல ஃபித்தா முடியவே முடியாதுன்னா. இப்ப அவளும் சரின்னுட்டா. உன் துணியைப் பாத்ததும் நீயே வந்தமாதிரி இருக்குதாம்."

அவன் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. விருந்தாளியின் காதில் விழுந்தால் மானக்கேடு என்று கலஃப் போனை அணைத்துவிட்டான். பர்ஜஸ் மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

வண்டியைத் திருப்பினான்.

அந்த வண்டி அப்படி ஓடியதே இல்லை. காற்றாய்ப் போயிற்று. ஒவ்வொரு மேட்டிலும் அது லேசாக, சுகமாக ஏறுவதை உணர உணர அவன் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினான். டீக்கடை மூடியே கிடந்தது. தகரத்தின் இடுக்கில் ஷஹாத்தாவின் கண் தெரிந்தது. இடுக்கு வழியாக ஒரு விரல் நீண்டு மண்பாதையைக் காட்டியது. அது அந்த வழியே போயிற்று என்று சொல்கிறான். மண்பாதையில் புழுதி அடங்கிக் கிடந்தது. நடுவில் காலடித் தடம். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே இவனுடைய வண்டியை நீளவாக்கில் படுக்கவைக்கலாம்.

பன்னிரண்டு கிலோமீட்டர். ஒன்பது. ஐந்து. சூரியன் மலையைத் தொட்டது.

வீடு தெரிந்தது. பக்கத்தில் விருந்துக்குப் போட்ட நீளக் கூடாரம். நாய்கள் குரைக்கவில்லை. ஆடுகள் சத்தமில்லை. வண்டி சாய்ந்து விழுந்தது. விட்டுவிட்டு ஓடினான். செருப்பு கழன்றது. கொலுசு பையிலிருந்து எகிறிப் புழுதியில் விழுந்தது.

உள்ளே காபியின் ஏலக்காய் மணம். அதற்கு அடியில் அந்தக் கிணற்று வாடை. பெரியவர்கள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், மரியாதைக்கான மெத்தையில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குக் காலி இடம். அதற்கு முன்னால் பாயில் ஒரு கோப்பை. காலி.

ஃபித்தா அந்த மெத்தைக்கு முன்னால் குனிந்து நின்றாள். கையில் இறுகச் சுற்றிய வெள்ளைத் துணி மூட்டையாய்ப் பிள்ளை. பர்ஜஸ் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"வந்துட்டியா அண்ணே? இரு, கொடுத்துட்டு வர்றேன்."

பிள்ளையை நீட்டினாள். கைகளை எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை விழவில்லை.

மெத்தைக்கு ஒரு முழம் மேலே, உட்கார்ந்திருக்கும் ஆளின் நெஞ்சு உயரத்தில், அப்படியே கிடந்தது. பிஞ்சுத் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. மோவாயில் ஒரு பள்ளம் விழுந்தது, விரல் அளவுக்கு. வாய் திறந்தது.

கலஃப் மரியாதையோடு குனிந்து, காலிக் கோப்பையில் மறுபடியும் ஊற்றினான்.